மூடிக்குள் எழுதியிருப்பது

வட்டவளையில் எதுவும் முழுசாகக் காய்வதில்லை. மே மாதம் தென்மேல் பருவமழை வந்து உட்கார்ந்தால் செப்டெம்பர் வரைக்கும் எழும்பாது. ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல் பெய்கிற ஊர்; கொழும்பில் பெய்வதைப் போல் இரண்டு மடங்கு. லயத்துத் தகரத்தில் துரு, சுவரில் பாசி, அலுமாரியில் மடித்துவைத்த சேலையில் பூஞ்சணம். இங்கே பத்து வயது தாண்டிய ஓர் ஆபீஸ் கம்பியூட்டர் இன்னும் ஓடுகிறதென்றால், அதைக் கட்டியவர்களை மெச்ச வேண்டும். திறந்து பார்க்கத் தெரிந்தவர்களை அதைவிட மெச்ச வேண்டும். அப்படித் தெரிந்த ஒரு பையனின் பக்கத்தில் ஒரு மழைநாள் மத்தியானம் முழுக்க உட்கார்ந்திருந்தேன். காமன்கூத்தில் நல்ல தப்புக்காரர் ஒருவரின் கையைப் பார்த்துவிட்டு வந்ததுபோல் மனசு நிறைந்திருந்தது.

பஜாரில் என் மச்சான் கொமியூனிகேஷன் கடை வைத்திருக்கிறார். போட்டோ கொப்பி, பாஸ்போர்ட் அளவுப் படம், பிறப்புச் சாட்சிப்பத்திர விண்ணப்பம், சாதாரண தரப் பெறுபேறு பார்த்துக் கொடுப்பது, பாமினி எழுத்துருவில் கடிதம் அடித்துக் கொடுப்பது என்று நாள் முழுக்க அந்த ஒரே கம்பியூட்டருக்கு வேலை. டெல் ஆப்டிபிளெக்ஸ் 7010. எங்கோ ஒரு வெளிநாட்டு ஆபீசில் சில வருடம் உழைத்து, மொத்தமாகக் கழிக்கப்பட்டு, கொள்கலனில் கொழும்புக்கு வந்து, கைமாறிக் கைமாறி மலையேறியது. முன்பக்கத்தில் அந்தப் பழைய ஆபீசின் ஸ்டிக்கர் பாதி உரிந்தபடி இன்னும் ஒட்டியிருக்கிறது.

ஹட்டனிலிருந்து வந்த தம்பியிடம் மச்சான் எடுத்த எடுப்பில் சொன்னார்: “ரொம்ப ஸ்லோவா போகுது தம்பி. ரேம் ஒண்ணு வாங்கி வச்சிருக்கேன், போட்டு விட்டுருங்க.”

“போட்ரலாம்ணே. மொதல்ல உள்ள என்னா இருக்குன்னு பாத்துக்குவோம்.”

இந்த ஒரு வாக்கியத்துக்காகவே அவரை எனக்குப் பிடித்துவிட்டது. அரைகுறைக் கைகள் முதலில் மாற்றும். வேலை தெரிந்த கை முதலில் படிக்கும்.

அவர் உடனே திறக்கவும் இல்லை. மேசையைச் சற்று இழுத்து இயந்திரத்தின் முதுகைப் பார்த்தார். “நீல யு.எஸ்.பி. இருக்கு பாருங்க சார். பக்கத்துலயே பழைய வி.ஜி.ஏ. துளையும் இருக்கு. 2012 பக்கம் வந்ததா இருக்கும்.” யு.எஸ்.பி. 3.0ஐ இன்டெல் தன் சிப்செட்டுக்குள்ளேயே சேர்த்தது 2012இல்தான். அந்த நீலத் துளைகளும் பழைய பாணித் துளைகளும் ஒரே முதுகில் சேர்ந்திருப்பது ஒரு காலகட்டத்தின் முகச்சாயல். தொழிற்சாலையில் டீ மேக்கர் கொழுந்தைக் கையில் அள்ளியவுடன் எந்த மலைக் கொழுந்து என்று சொல்வாரே, அப்படி.

பிறகு சர்விஸ் டேக். டெல் தன் ஒவ்வொரு இயந்திரத்துக்கும் எண்ணும் எழுத்துமாக ஏழு குறிகளில் ஒரு பெயர் வைக்கிறது. அந்த நிறுவனத்தின் தளத்தில் அந்த ஏழையும் அடித்தால் அது தொழிற்சாலையை விட்டுக் கிளம்பிய அன்று உள்ளே என்னென்ன இருந்தன என்ற பட்டியல் வரும். அதன் அருகில் வெறும் இலக்கங்களாலான நீண்ட எண் ஒன்றும் இருக்கும். இரண்டும் வேறு வேறல்ல. பத்து இலக்கமும் இருபத்தாறு எழுத்துமாக முப்பத்தாறை அடியாகக் கொண்ட எண்ணை நம் பத்தடி எண்ணாக மாற்றி எழுதியதுதான் அது. தொலைபேசியில் விரலால் அழுத்துவதற்கு வசதியாக. எச்.பி.க்கும் லெனோவோவுக்கும் வேறு முறைகள் உண்டு. லெனோவோ பாகங்களில் எஃப்.ஆர்.யு. என்று ஓர் எண் ஒட்டியிருக்கும். களத்திலேயே மாற்றக்கூடிய பாகம் என்று பொருள். 2005இல் ஐ.பி.எம்.மின் கணினித் தொழிலை வாங்கியபோது அதனோடு வந்த பழக்கம்.

வயரைப் பிடுங்கியபின் பவர் பட்டனை ஒருமுறை அழுத்தினார், உள்ளே தங்கியிருக்கும் மின்சாரம் வடிவதற்கு. பக்கவாட்டுத் தாழ்ப்பாளை இழுத்தார். மூடி கையோடு வந்தது. ஸ்க்ரூடிரைவர் பைக்குள்ளேயே கிடந்தது.

உள்ளிருந்து நனைந்த சாக்கு மணம் வந்தது. வேறு ஊர்களில் கணினித் தூசி ஊதினால் பறக்கும். வட்டவளைத் தூசி ஈரத்தில் ஊறிக் கம்பளி போல் ஹீட் சிங்கின் தகடுகளுக்கிடையே படிந்திருந்தது. ஹார்ட் டிஸ்குக்குக் கீழே பல்லி முட்டை ஓடு இரண்டு. பெயின்ட் பிரஷ்ஷை எடுத்து, காற்றாடி சுழலாதபடி ஒரு விரலால் பிடித்துக்கொண்டு, மேலிருந்து கீழாகத் தட்டித் தட்டித் துடைத்தார். அதற்கே இருபது நிமிடம். மச்சான் இரண்டு தரம் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

தூசி போனபிறகுதான் அந்த உள்வீட்டின் அழகு தெரிந்தது. ஹார்ட் டிஸ்கைத் தாங்கும் பிளாஸ்டிக் கூடு நீலம், கையால் விடுவிக்கும் கொக்கி நீலம். எதைக் கருவியில்லாமல் கழற்றலாமோ அதற்கு நீல நிறம் கொடுத்திருக்கிறார்கள். எச்.பி. ஆபீஸ் இயந்திரங்களில் அதே வேலையைப் பச்சை செய்யும். போர்டின் மேல் ஒவ்வொரு சொருகுமிடத்துக்கும் பக்கத்தில் வெள்ளை மையில் பெயர்: டிம்1, டிம்2, ஸாட்டா0, ஸாட்டா1. வீட்டுக்கென்று விற்கும் கணினிகளில் கண்ணாடியும் கலர் விளக்கும் இருக்கும். இந்த மரியாதை பெரும்பாலும் இருக்காது. இதை வடிவமைத்தவர், தான் என்றைக்கும் பார்க்கப்போகாத ஒருவர் இதைத் திறப்பார் என்று நினைத்து, அவருக்கு வழி சொல்லி வைத்திருக்கிறார். அந்த எண்ணத்துக்கு நீண்ட வேர் உண்டு. 1981 ஆகஸ்டில் ஐ.பி.எம். தன் முதல் பி.சி.யை வெளியிட்டபோது ஐந்து விரிவாக்கத் துளைகளை வைத்தது. மின்சுற்று வரைபடங்களை அச்சிட்டு நூலாகவும் விற்றது.

நீலக் கூட்டின் மேல் ஒரு வெள்ளை டேப் துண்டு. மங்கிய மார்க்கரில் 2016 என்று ஒரு வருடமும், எந்த மொழியென்று எங்களுக்குப் பிடிபடாத இரண்டு எழுத்தும். தம்பி அதை விரலால் தடவிப் பார்த்தார். “ஹார்ட் டிஸ்க் ஒருதரம் மாத்தியிருக்காங்க சார்.”

அடுத்து டார்ச் லைட்டைச் சாய்த்துப் பிடித்துக் கெப்பாசிட்டர்களின் தலையைப் பார்த்தார். தட்டையாக இருந்தால் நலம், மேடு தட்டியிருந்தால் ஆயுள் முடிகிறது. இருபது வருடத்துக்கு முன் உலகமெங்கும் இந்தச் சின்ன உருளைகள் வீங்கி வெடித்தன, ஜி.எக்ஸ்.270, ஜி.எக்ஸ்.280 என்ற அன்றைய ஆபீஸ் மாடல்களின் போர்டுகளை மாற்றிக் கொடுக்க டெல் 2005இல் 30 கோடி டொலர் ஒதுக்க வேண்டியிருந்தது. மச்சானின் போர்டில் எல்லாத் தலையும் தட்டை.

ரேமுக்கு வருவோம். தம்பியின் வாசிப்பில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். உள்ளே இருந்த ஒற்றைத் துண்டைக் கழற்றி என் கையில் கொடுத்து ஸ்டிக்கரைப் படிக்கச் சொன்னார்: 4 ஜிபி, 1ஆர்எக்ஸ்8, பிசி3-12800யு. தேயிலைப் பெட்டியில் பி.ஓ.பி., பி.ஓ.பி.எஃப். என்று எழுதியிருப்பதைப் பார்த்தே சாயம் எப்படி இறங்கும் என்று சொல்கிற ஊரில் பிறந்தவனுக்கு இந்த எழுத்துகள் அந்நியமாகத் தோன்றவில்லை. பிசி3 என்றால் டிடிஆர்3. 12800 என்பது நொடிக்கு எத்தனை மெகாபைட் என்ற கணக்கு. எட்டால் வகுத்தால் 1600, அதுதான் கடைக்காரர் சொல்லும் வேகம். 1ஆர் என்றால் சிப்புகள் ஒரே அணி, எக்ஸ்8 அந்தச் சிப்பின் அகலம். கடைசியில் நிற்கும் யு மிக முக்கியம். அந்த இடத்தில் ஆர் இருந்தால் அது சேர்வரில் போடுகிற ரேம். மலிவாகக் கிடைக்கும், இதில் வேலை செய்யாது.

மச்சான் வாங்கி வைத்திருந்ததை எடுத்துப் பழைய துண்டின் மேல் அடுக்கிக் காட்டினார். கீழ்விளிம்பின் வெட்டு இரண்டிலும் வேறு வேறு இடத்தில் இருந்தது. டிடிஆர்4, 288 கால். இந்தப் போர்டு கேட்பது 240. மின்னழுத்தமும் வேறு, 1.5 வோல்ட்டுக்குப் பதிலாக 1.2. கடையில் எந்தக் கம்பியூட்டருக்கு என்று கேட்கவில்லை, மச்சானும் சொல்லவில்லை. தவறானது நுழையவே கூடாது என்றுதான் அந்த வெட்டை இடம் மாற்றி வைத்திருக்கிறார்கள். “அமுக்கிப் பாக்காம வச்சிருந்தீங்களே, அது பெரிய காரியம்ணே,” என்றார் தம்பி.

தன் பையிலிருந்து அதே எழுத்துகள் கொண்ட இன்னொரு 4 ஜிபி துண்டை எடுத்தார். ஈரத்தில் தங்கக் கால்கள் மங்கியிருந்தன. பென்சில் அழிக்கிற வெள்ளை ரப்பரால் மெதுவாகத் தேய்த்தார், ரப்பர்த் துகளைத் தட்டிவிட்டார். வெள்ளைக் கொக்கி உள்ள இரண்டு துளைகளிலும் ஒவ்வொன்று. கறுப்புக் கொக்கிகள் பிறகு வேண்டுமானால். ஜோடியாக இப்படிப் போட்டால் புரொசசர் இரண்டு வழியாலும் ஒரே சமயத்தில் வாங்கும். ஒரு கையால் கொழுந்து பறிப்பதற்கும் இரண்டு கையாலும் பறிப்பதற்கும் உள்ள வித்தியாசம். கொக்கி டக்கென்று தானாக மூடவேண்டும். கையால் மூடினால் ரேம் சரியாக உட்காரவில்லை என்று அர்த்தம்.

புரொசசர் ஐ3-2120. 2 என்று தொடங்குவதால் இரண்டாம் தலைமுறை, இரண்டு கோர். இதே 1155 சாக்கெட்டில் மூன்றாம் தலைமுறையும் உட்காரும். செத்துப்போன வேறொரு இயந்திரத்தின் ஐ5-3470 அவரிடம் இருந்தது, நான்கு கோர். மச்சானுக்கு ஐ7 ஆசை. “வேணாம்ணே. லெட்டர் அடிக்கவும் போட்டோ வெட்டவும் இது தாராளம்.” தேவைக்கு மேலே ஏறாமல் நிறுத்தத் தெரிவதும் கைத்திறன்தான்.

ஹீட் சிங்கின் நான்கு திருகையும் ஒன்றுவிட்டு ஒன்று, எதிரெதிர் மூலையாகத் தளர்த்தினார். பழைய பேஸ்ட் காய்ந்த சுண்ணாம்பாய் உதிர்ந்தது. புரொசசரைத் தூக்கியதும் சாக்கெட்டின் 1155 கால்களும் மினுங்கின, புல்லின் மேல் பனி மாதிரி. இன்டெல் இந்த வகையில் கால்களைப் புரொசசரில் வைக்காமல் போர்டில் வைத்திருக்கிறது. தலைமயிர் தடிமன், ஒன்று வளைந்தாலும் போர்டு போனதுபோல்தான். அவர் முகத்தைத் திருப்பி மூச்சை வெளியே விட்டுவிட்டு, மூலையில் உள்ள சின்ன முக்கோணத்தைப் பார்த்து, ஐ5இன் இரு விளிம்பையும் பிடித்து நேர்கீழாக இறக்கினார். அமுக்கவில்லை, வைத்தார். மேலே ஒரு மிளகளவு பேஸ்ட். அந்த நேரம் கடையில் யாரும் பேசவில்லை.

இதில் ஒரு நுணுக்கம். முதல் ரேம் 1600 வேகத்தது என்றாலும் பழைய ஐ3 அதை 1333இல்தான் ஓட்டிக்கொண்டிருந்தது. அத்தனை வருடம் அடங்கிக் கிடந்த வேகம், புரொசசர் மாறியதும் தானாக வெளியே வந்தது.

ஆனாலும் மச்சான் சொன்ன ‘ஸ்லோ’வுக்கு உண்மையான மருந்து எஸ்.எஸ்.டி. ஹார்ட் டிஸ்கில் நிமிடத்துக்கு 7,200 தரம் சுற்றும் தட்டின் மேல் ஓர் ஊசிக்கை தேடித் தேடிப் படிக்கிறது. ஒரு தேடலுக்கு ஒன்பது மில்லிசெக்கன் பக்கம். எஸ்.எஸ்.டி.க்கு அதில் நூறில் ஒரு பங்கு. இந்தப் போர்டின் கியூ77 சிப்செட் 6 கிகாபிட் வேகத்தில் இரண்டே இரண்டு ஸாட்டா வழிதான் தருகிறது. அதில் ஒன்றைப் பழைய டி.வி.டி. டிரைவ் பிடித்திருந்தது, மற்றதை ஹார்ட் டிஸ்க். எஸ்.எஸ்.டி.க்கு ஸாட்டா0, டி.வி.டி.யைக் கறுப்பு ஸாட்டா துளைக்கு அனுப்பினார். சனங்களின் கடிதமெல்லாம் இருந்த பழைய டிஸ்கை ஒரு மணித்தியாலம் எடுத்துப் படியெடுத்தபின் கழற்றி, பொலித்தீனில் சுற்றி, மேல் தட்டில் வைக்கச் சொன்னார்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அடுத்த ஆண்டு வந்த 9020இல் டெல் பொது வழக்கிலுள்ள 24 கால் பவர் இணைப்பை விட்டுத் தனக்கென்று 8 கால் இணைப்பைக் கொண்டுவந்தது. எச்.பி.யும் லெனோவோவும் அதே வழி போயின. பவர் சப்ளை எரிந்தால் ஹட்டனில் கிடைப்பதைப் போட முடியாது. உள்ளே இவ்வளவு வழிகாட்டி வைத்தவர்கள் இந்த ஒரு கதவை மூடியது எனக்குப் பிடிக்கவில்லை. 2025 ஒக்டோபர் 14உடன் விண்டோஸ் 10க்கு ஆதரவை நிறுத்தி, விண்டோஸ் 11 வேண்டுமானால் பொதுவாக எட்டாம் தலைமுறைக்கு மேல் வேண்டும் என்று மைக்ரோசொஃப்ட் சொன்னதும் பிடிக்கவில்லை. தம்பி அதற்கும் வழி வைத்திருந்தார்: அடுத்த தரம் வரும்போது லினக்ஸ் மின்ட். பாமினி அதிலும் ஓடும்.

கடைசியாகக் கடிகாரப் பேட்டரி. சிஆர்2032, நாணயம் அளவு. அதையும் மாற்றிவிட்டு இயந்திரத்தைப் போட்டார். கறுப்புத் திரையில் முதலில் வந்தது, ரேமின் அளவு மாறியிருக்கிறது என்ற எச்சரிக்கை. அடுத்தது, மூடி திறக்கப்பட்டிருக்கிறது என்று. அது எனக்கு மிகவும் பிடித்தது. தன்னைத் தொட்டார்கள் என்று அதற்குத் தெரிந்திருக்கிறது. முன்பெல்லாம் பட்டனை அமுக்கிவிட்டு மச்சான் தேத்தண்ணி ஊற்றப் போவார். இப்போது கெற்றிலை எடுப்பதற்குள் திரை வந்துவிட்டது.

மூடியைப் போடுமுன் தம்பி டேப் ஒரு துண்டு கிழித்து, அந்தப் பழைய 2016க்குக் கீழே ஒட்டினார். அன்றைய திகதி, ஐ5-3470, 4+4, எஸ்.எஸ்.டி., பேட்டரி என்று சின்ன எழுத்தில் எழுதினார்.

“அந்த டிடிஆர்4ஐ என்னா தம்பி செய்றது?” என்றார் மச்சான்.

“பில்லு இருக்காண்ணே? திருப்பிக் குடுத்துட்டு யு.பி.எஸ்.ஸுக்கு பேட்டரி வாங்கிருங்க. மழ விட்டதும் இடி தொடங்கிரும்.”