பூசணிப் பிரட்டலும் கத்தரிக்காய் மோஜுவும்

பொங்கலன்று எங்கள் லயத்தில் எந்த வீட்டு வாசலில் நின்றாலும் பூசணிப் பிரட்டல் மணக்கும். மலேசியாவின் கெடா மாநிலத்தில், பீடோங் பக்கத்து ரப்பர்த் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள் அவை. பாட்டி பூசணியைத் தோலோடுதான் நறுக்குவார். கடுகு வெடித்து, உளுந்து சிவந்து, காய்ந்த மிளகாயும் கிள்ளிப் போட்டபின் காய் இறங்கும். உப்புப் போட்டு மூடிவிடுவார். காய் விடும் நீரிலேயே அது வேகும். வெல்லம் கடைசியில்தான். முதலிலேயே போட்டால் காய் வேகுமுன் அடிபிடித்துக் கசந்துவிடும். நீர் வற்றிய பிறகு தூவிப் பிரட்டினால் பாகு விளிம்பில் ஏறிப் பளபளக்கும். சட்டியைக் குலுக்கும்போது துண்டுகள் குழையாமல் உருள வேண்டும். அதுதான் பதம்.

தோட்டத்துக் கிராணி, அதாவது எழுத்தர், யாழ்ப்பாணத்துக்காரர். அவர் வீட்டிலிருந்து பின்வாசல் வழியாக எப்போதாவது ஒரு கிண்ணம் வரும்: கத்தரிக்காய் மோஜு. விரல் நீளத்துக்கு நறுக்கிய கத்தரிக்காயில் மஞ்சளும் உப்பும் பிசறி, ஓரம் கருஞ்சிவப்பாகும்வரை பொரித்தெடுப்பார்கள். சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும் தனியாகப் பொரியும். வினாகிரியில் சீனியைக் கரைத்துச் சுண்டவிட்டு, இறக்கியபின் அரைத்த கடுகைக் கலந்து எல்லாவற்றையும் அதில் புரட்டுவார்கள். சிங்களவர் வீட்டு விருந்திலும் இதே மோஜு உண்டு. போத்தலில் அடைத்தால் சில நாள் தாங்கும்.

இரண்டும் இனிப்பு பூசிய கறிதான். ஆனால் பாட்டியின் கடுகு வெடித்தது, கிராணியம்மாவின் கடுகு அரைத்தது. கடுகை ஈரத்தோடு அரைக்கும்போதுதான் அதன் காரம் பிறக்கிறது. கொதிக்கும் எண்ணெயில் விழுந்தால் அந்தக் காரத்தை உண்டாக்கும் நொதி அழிந்து, மணம் மட்டும் மிஞ்சும். புளிப்பில் கலந்த அரைத்த கடுகின் காரமோ நாள்பட நிற்கும். மோஜுவின் இனிப்பு நாக்கில் தொடங்கி மூக்கில் ஏறுவது இதனால்தான்.

இனிப்பின் பெயரும் வேறு. தமிழகத்தில் இன்று பொதுவாகச் சர்க்கரை என்றால் வெள்ளைச் சர்க்கரை. யாழ்ப்பாணத்தில் சர்க்கரை என்றால் வெல்லம். வெள்ளைக்குச் சீனி என்று பெயர். மலேசியாவில் நாங்களும் சீனி என்றே சொல்கிறோம்.

இரு வீட்டாரும் மலாயாவுக்கு வந்த வழியும் வேறு. ஆள் சேர்க்கும் கங்காணி வழியாகப் பால் மரம் வெட்ட வந்தவர்கள் தமிழகத்தார். அந்த வரவை 1938இல் இந்திய அரசு நிறுத்தியது. ஆங்கிலம் படித்து ரயில்வேக்கும் நில அளவைக்கும் தோட்டக் கணக்குக்கும் வந்தவர்கள் யாழ்ப்பாணத்தார். மொழி ஒன்றாக இருந்தும் லயத்துக்கும் கிராணி வீட்டுக்கும் நடுவே பெரிய தூரம் இருந்தது. முன்வாசலில் எங்களை உட்கார வைத்ததில்லை. அந்த வருத்தம் பாட்டிக்குக் கடைசிவரை ஆறவில்லை. கிண்ணத்தை மட்டும் அவர் வெறுங்கிண்ணமாகத் திருப்பி அனுப்பியதில்லை.

அம்மா இரண்டு கைப்பக்குவத்தையும் சேர்த்துக்கொண்டார். கத்தரிக்காயைக் கிராணி வீட்டு முறைப்படி பொரித்து, வினாகிரிக்குப் பதில் புளி கரைத்து, கடுகு தாளித்து, வெல்லத்தில் பிரட்டினார். இதற்கு உறவு போல, கெடாவில் மலாய்க்காரர் கெண்டூரி விருந்துக்குப் போனால் வறுத்தரைத்த தேங்காயும் சீனியும் சேர்ந்த பச்சிரி தெரோங் கிடைக்கும். கத்தரிக்காய்தான்; பெயரில் நம் பச்சடி கேட்கிறது.

எனக்குக் கத்தரிக்காய்க்கு அரைத்த கடுகுதான் சரி. எண்ணெய் குடித்த சதைக்கு அந்தக் காரமும் புளிப்பும் வேண்டும். பூசணியில் அதைச் செய்யக்கூடாது. அதன் மெல்லிய இனிப்பை வினாகிரி அடித்துவிடும். சுங்கை பட்டாணியில் சில வாழையிலைச் சாப்பாட்டுக் கடைகளில் பூசணியை வேகவைத்து மசித்துச் சீனியைக் கொட்டுகிறார்கள். அதைப் பிரட்டல் என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

இப்போது எங்கள் வீட்டில் தங்கைதான் சமைக்கிறாள். போன பொங்கலுக்குப் பூசணியின் தோலைச் சீவத் தொடங்கினாள். கத்தியை வாங்கி வைத்துவிட்டேன். தோல் இருந்தால்தான் துண்டு உடையாது, பாகுக்கும் பிடிக்க ஓர் ஓரம் கிடைக்கும்.