சுவரோவிய இலக்கணமும் ஓவியரின் பெயர்ப்பும்
(ஏ. இராமச்சந்திரனின் படைப்புகள் வழி ஓர் ஆய்வு)

1. எல்லையில் ஒரு சுவர்

நெய்யாற்றின்கரை வட்டத்தில், தமிழக எல்லையை ஒட்டியுள்ள பாறசாலையிலிருந்து களியக்காவிளை, மார்த்தாண்டம், தக்கலை வழியாகச் சென்றால் பத்மநாபபுரம் அரண்மனையை அடையலாம். 1956 நவம்பர் 1 அன்று மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது விளவங்கோடு, கல்குளம், அகத்தீசுவரம், தோவாளை ஆகிய வட்டங்கள் சென்னை மாநிலத்துடன் இணைந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. அரண்மனை அமைந்திருப்பது தமிழ்நாட்டு எல்லைக்குள். அரண்மனையைப் பேணுவது கேரளத் தொல்லியல் துறை. அதன் உப்பரிகை மாளிகையின் மேல்தளச் சுவர்களில், பள்ளிகொண்ட பத்மநாபர் உள்ளிட்ட தெய்வ உருவங்கள், மார்த்தாண்டவர்மரின் காலத்தையொட்டிய 18ஆம் நூற்றாண்டுச் சுவரோவியங்களாக உள்ளன.

இவ்வெல்லைச் சிற்றூர்களின் பேச்சு மொழியியலாருக்குப் பழகிய களம். 'வெள்ளம்' என்னும் சொல் மலையாளத்தில் நீரையும், பொதுத்தமிழில் பெருக்கையும் குறிக்கும். விளவங்கோட்டுப் பேச்சுத்தமிழிலோ அது குடிநீரையும் குறிக்கும். வடிவம் ஒன்றாக நிற்கப் பொருள் இடம்பெயர்கிறது. ஒரு மரபின் வடிவத்தை எடுத்தாளும் ஓவியரின் படைப்பிலும் இதுவே நிகழ்கிறதா, அங்கு எது பெயர்கிறது, எது பெயராமல் நின்றுவிடுகிறது என்பதை ஏ. இராமச்சந்திரனின் (1935-2024) ஓவியங்களைக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

2. ஓவியரும் அவர் கற்ற இலக்கணமும்

திருவனந்தபுரத்துக்கு வடக்கே ஆற்றிங்கலில் பிறந்த இராமச்சந்திரன் முதலில் இலக்கிய மாணவர். 1957இல் கேரளப் பல்கலைக்கழகத்தில் மலையாள இலக்கியத்தில் முதுகலைப் பட்டம் பெற்றார். பின்னர்ச் சாந்திநிகேதன் சென்று ராம்கிங்கர் பைஜ், வினோத் பிகாரி முகர்ஜி ஆகியோர் பணியாற்றிய கலாபவனத்தில் ஓவியம் பயின்றார். 1961 முதல் 1964 வரை கேரளச் சுவரோவியங்களைப் பற்றி ஆய்வு செய்தார். 1965 முதல் 1992 வரை தில்லி ஜாமியா மில்லியா இஸ்லாமியாவில் ஓவியம் கற்பித்தார். சுவரோவியங்களைப் பற்றிய அவரது விரிவான நூல் 2005இல்தான் வெளிவந்தது. ஆய்வுக்கும் நூலுக்கும் இடைப்பட்ட நாற்பதாண்டுகளில் அவர் வரைந்த ஓவியங்களையே அந்த ஆய்வின் முதல் வெளியீடு எனக் கொள்ளலாம்.

அவர் கற்ற மரபு வரன்முறை மிக்கது. சுண்ணாம்புப் பூச்சு உலர்ந்த பின்னரே அதன்மீது வரைவர். காவி, மஞ்சள், பச்சை, கருமை, சுவரின் வெண்மை என ஐந்தே வண்ணங்கள். முதற்கோடு, கோட்டை உறுதிசெய்தல், வண்ணம் நிரப்பல், நிழலிடல், இறுதிக்கோடு எனப் பணி படிப்படியாக நிகழும். உருவின் அமர்வும் கைமுத்திரையும் படைக்கலமும் தியான சுலோகத்தால் முன்னரே வரையறுக்கப்படும். சாத்துவிக உருவுக்குப் பச்சையும் இராசத உருவுக்குச் செம்மை, பொன்மஞ்சளும் உரியன. ஆகவே இங்கு வண்ணம் அணியாக மட்டும் நிற்பதில்லை. பொருள் வேறுபடுத்தும் உருபாகவும் செயற்படுகிறது.

ரோமன் யாக்கப்சன் 1959இல் மொழிபெயர்ப்பை மூவகைப்படுத்தினார். ஒரு மொழிக்குள்ளேயே வேறு சொற்களால் பெயர்த்தல், ஒரு மொழியிலிருந்து மற்றொரு மொழிக்குப் பெயர்த்தல், மொழிக்குறிகளை மொழியல்லாத குறிகளாகப் பெயர்த்தல் என்பன அவை. தியான சுலோகம் சுவரோவியமாவது மூன்றாம் வகை. சுவரோவியம் துணியோவியமாவதோ இம்மூன்றனுள் நேராக அடங்கவில்லை. மூலமும் பெயர்ப்பும் இரண்டுமே அங்கு மொழியல்லாத குறிகள். இவ்விடைவெளியே இராமச்சந்திரனின் படைப்பை மொழிபெயர்ப்பாளர் கருதத்தக்கதாக்குகிறது.

3. இராகினி முதல் யயாதி வரை

1960, 70களின் அவரது ஓவியங்கள் அளவில் சுவரை ஒத்தவை. பொருளில் நகரத்தின் வன்முறையைப் பற்றியவை. தலையற்ற, முறுக்கேறிய மனித உடல்கள் அவற்றில் திரும்பத் திரும்ப வருகின்றன. 1974ஆம் ஆண்டின் பொக்ரான் அணுவெடிப்பை அடுத்து வந்த 'நியூக்ளியர் ராகினி' (1975) என்னும் ஓவியத்தின் தலைப்பே, இராகமாலைச் சிற்றோவிய மரபின் பெயரை அணுயுகத்தோடு மோதவிடுகிறது. இங்கு மரபு மேற்கோளாக வருகிறது. மேற்கோளின் நோக்கம் எள்ளல். மொழியியல் நோக்கில் இது கடன்சொல்லை ஒத்தது. அயற்சொல் அயன்மை தோன்ற நிற்பதாலேயே பயன் விளைகிறது.

1984-86இல் உருவான 'யயாதி' இதனின்று வேறானது. பன்னிரண்டு பலகங்கள், மொத்தம் 60 அடி நீளம், 8 அடி உயரம், உடன் 13 வெண்கலச் சிற்பங்கள். வைகறை, நண்பகல், அந்தி என முப்பகுதிகள். பார்ப்பவரைச் சூழ்ந்து நிற்குமாறு, கேரளக் கோயிற் கருவறைச் சுவர் போல அமைந்தது. மகனிடம் இளமையை வாங்கி நுகர்ந்த பாரத மன்னனின் கதையை இப்பலகங்கள் நிகழ்ச்சி நிகழ்ச்சியாகச் சொல்வதில்லை. மன்னனின் வேட்கையும் முதுமையும் நாளின் மூன்று பொழுதுகளாகின்றன. தெய்வ மகளிரின் இடத்தில் இராசத்தானத்து நாடோடிக் கொல்லரான காடியா லோகார் பெண்கள் நிற்கின்றனர்.

இதில் சுவரோவியத்தின் சொற்களிற் பல நீங்கியுள்ளன. ஆனால் தொடரமைப்பு நிற்கிறது. வெற்றிடமின்றித் தளத்தை நிரப்புதல், உருவைக் கோட்டால் முடித்தல், ஒரு திசை ஒளியைத் தவிர்த்தல், அணிகலனுக்கும் உடலுக்கும் ஒரே கவனம் தருதல் ஆகியவை இவ்வமைப்பின் கூறுகள். சொல்லைக் கடன் வாங்குவது எளிது. தொடரமைப்பு பெயர்வது நெடுநாள் இருமொழியத்தால் மட்டுமே இயல்வது. எல்லைச் சிற்றூர்ப் பேச்சில் நாம் காணும் உண்மை இதுவே. 'யயாதி'யைப் பழமைக்குத் திரும்பிய அலங்காரம் என்றும், சமூக அக்கறையைக் கைவிட்டது என்றும் கருதியவர் உண்டு. அவர்கள் 'யயாதி'யையும் கடன்சொல்லாகவே படித்தனர் என்பது எம் கருத்து.

4. தாமரையின் பொருள்மாற்றம்

பின்வந்த தாமரைக்குள ஓவியங்களில் பொருள்மாற்றம் தெளிவாகிறது. சுவரோவியத்தில் தாமரை ஓர் இருக்கை, தெய்வத்தைத் தாங்குவது. அதனை இலக்கணத்தில் வேற்றுமை உருபுக்கு ஒப்பிடலாம். இராமச்சந்திரனின் குளத்தில் இருக்கை எழுவாயாகிறது. மொட்டு, மலர், கிழிந்த இலை, காய்ந்த பொகுட்டு ஆகியன பருவந்தோறும் தம் நிலையைத் தாமே உரைக்கின்றன. தெய்வ உடலில் சாத்துவிகம் உணர்த்திய பச்சை இங்கு இலைக்கு மீள்கிறது. வடிவம் நிற்கப் பொருள் பெயர்ந்த 'வெள்ளம்' இங்கு ஒப்புநோக்கத்தக்கது. மூலத்தின் இறைமை குறையாமல் அதன் இடம் மட்டும் மாறியிருப்பதால் இப்பெயர்ப்பு வெற்றி பெறுகிறது.

5. வினையற்ற உருவமும் தன்மை ஒருமையும்

இனி, குறையொன்றையும் சுட்டவேண்டும். சுவரோவியத் தேவி எதையேனும் செய்கிறாள். அசுரனைக் கொல்கிறாள், வரமருளுகிறாள், குழந்தைக்குப் பாலூட்டுகிறாள். கைமுத்திரையும் படைக்கலமும் அவளுக்கு வினை தருகின்றன. இராமச்சந்திரனின் பழங்குடி, நாடோடிப் பெண்கள் பலர் அழகுற நிற்கின்றனர். நிற்பதே அவர்தம் செயலாகிறது. உழைப்பால் அறியப்படும் கொல்லர்குலப் பெண்ணின் உடல் ஓவியத்துக்கு வந்தது, உழைப்பு வரவில்லை. மூலத்திலிருந்த வினைச்சொல் பெயர்ப்பில் விடுபட்டது. அடையடுக்கிய பெயர்ச்சொற்கள் மட்டும் எஞ்சின. இதனைச் சுவரோவிய மரபின் மேல் ஏற்ற இயலாது. அம்மரபில் வினை உண்டு. இது பெயர்ப்பாளரின் தெரிவு.

இக்குறைக்கு அவரே ஒரு மறுமொழியும் வைத்திருக்கிறார். பிற்கால ஓவியங்கள் பலவற்றில் ஆமையாக, பூச்சியாக, வௌவாலாகத் தம் முகத்தைச் சிற்றுருவாக வரைந்துகொள்கிறார். சுவாதித் திருநாளின் கீர்த்தனைகளில் 'பத்மநாப' முத்திரை வருவது போல இதனையும் ஒப்பம் எனக் கடந்துவிடலாம். ஆனால் வேறுபாடு பெரிது. அம்முத்திரை இறைவனின் பெயர். இது பார்ப்பவனின் முகம், அதுவும் நகைப்புக்கிடமான முகம். சுவரோவியம் படர்க்கையிலேயே பேசும். வரைந்தவர் பெரும்பாலும் பெயரற்றவர். இராமச்சந்திரன் அதில் தன்மை ஒருமையைச் சேர்க்கிறார். 'வந்தேன், வந்தான், வந்தாள்' என ஈறு காட்டும் தமிழுக்கும், எல்லோர்க்கும் 'வந்நு' என அமையும் மலையாளத்துக்கும் உள்ள வேறுபாட்டை இங்கு நினைக்கலாம். ஈறற்ற மொழியில் ஈறு புகுவது சிறுமாற்றமன்று. யார் பார்க்கிறார் என்பது அதனால் வெளிப்படுகிறது. எனினும் பார்ப்பவனை வெளிப்படுத்துவதால் பார்க்கப்படுபவளுக்கு வினை கிடைத்துவிடாது. மறுமொழி நேர்மையானது, முழுமையானதன்று.

6. மீண்டும் சுவர்

துணியில் சுவரை வரைந்த ஓவியர் இறுதியில் சுவருக்கே மீண்டார். திருப்பெரும்புதூரில் 2003இல் அமைந்த ராஜீவ் காந்தி நினைவகத்துக்காகச் சுமார் 125 அடி நீளக் கருங்கற் புடைப்புச் சிற்பத்தை அவர் வடிவமைத்தார். இங்கு ஐவண்ணமும் இல்லை. எஞ்சுவது கோடு ஒன்றே. சுவரோவியம் மறுத்த திசையொளி இங்கு ஞாயிற்றின் இயக்கத்தால் தானே வந்துசேர்கிறது. நிழல் காலையில் ஒரு பக்கமும் மாலையில் மறுபக்கமும் விழுகிறது. ஓர் இலக்கணத்தின் உருபுகளை எல்லாம் களைந்த பின்னும் தொடர் விளங்குமா என்பதற்கு இதுவே கடுமையான சோதனை. இச்சோதனையைத் தமிழ் வாசகர் நேரிற் சென்று மதிப்பிடலாம்.

7. முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் மூன்று செய்திகள் பெறப்படுகின்றன. மரபு மீளாக்கத்தில் சொல் பெயர்வதைவிடத் தொடரமைப்பு பெயர்வதே உறுதியான பெயர்ப்பு. வடிவத்தைக் காப்பது மூலத்தைக் காப்பதாகிவிடாது. வினையைக் கைவிட்டால் அழகிய வடிவமும் குறைப் பெயர்ப்பே. பெயர்ப்பாளர் தம்மைக் காட்டிக்கொள்வது பிழையன்று. ஆயினும் அது விடுபட்டதை ஈடுசெய்யாது.

உப்பரிகை மாளிகையின் சுவர் மாநில எல்லை மாறியபோது இடம்பெயரவில்லை. அதனைப் படிப்பவரின் மொழி மாறியது. அதன் இலக்கணத்தைத் தமிழில் விரித்துரைக்கும் பணி இன்னும் போதிய அளவு நடைபெறவில்லை. அப்பணியை மேற்கொள்வோர், மலையாள இலக்கியம் கற்று, வங்காளத்தில் ஓவியம் பயின்று, இராசத்தானத்து மக்களை வரைந்த இந்த ஓவியரின் வெற்றியையும் விடுபாட்டையும் ஒருசேரக் கற்பது பயனளிக்கும்.