மைனஸ் இருபது

இரண்டு பேர் உட்கார்ந்து ஆடுவதற்கு லாஸ்ட் சிட்டீஸை விட நல்ல ஆட்டம் வந்துவிட்டது என்று வருஷத்துக்கு ஒருவராவது என்னிடம் சொல்லிவிடுகிறார். ஜெய்ப்பூர் என்றார்கள். பேட்ச்வொர்க் என்றார்கள். 2015க்குப் பிறகு செவன் வொண்டர்ஸ் டூயல் என்றார்கள். எல்லாவற்றையும் ஆடிப் பார்த்தாயிற்று. ஜெய்ப்பூரில் ஒட்டகங்களை மொத்தமாக அள்ளுவதில் ஒரு சுகம் இருக்கிறது, மறுக்கவில்லை. பேட்ச்வொர்க்கில் கடைசித் துண்டு கச்சிதமாகப் போய் உட்கார்ந்தால் மனசு நிறைகிறது. ஆனால் இவற்றில் எதை ஆடும்போதும் கையிலிருப்பதைப் பார்த்து எனக்கு வயிறு கலங்கியதில்லை. 1999இல் கோஸ்மோஸ் வெளியிட்ட அந்த 60 சீட்டுக் கட்டு இன்றைக்கும் கலக்குகிறது.

கலக்குவது கைகுலுக்கல் சீட்டுதான். நிறத்துக்கு மூன்று, ஆக 15. எண் சீட்டு ஒன்றுகூட இறங்குவதற்கு முன்னால் இது இறங்கியாக வேண்டும் என்ற ஒரே விதியில் இந்த ஆட்டத்தை வடிவமைத்த ரைனர் க்னிட்சியாவின் மொத்தக் குறும்பும் அடங்கியிருக்கிறது. இரட்டிப்பாக்கிக்கொள்ளும் வாய்ப்பு எத்தனையோ ஆட்டங்களில் உண்டு. எல்லாம் தெரிந்த பிறகு இரட்டிப்பாக்கிக்கொள் என்றால் அது வெறும் பரிசு. இங்கே எதுவும் தெரியாத நேரத்தில் கேட்கிறார்கள். கையில் நீலத்தில் ஒரு 4, ஒரு 9, அவ்வளவுதான். நடுவில் இருப்பதெல்லாம் எங்கே என்று தெரியாது. நீலத்தில் போகப்போகிறேன் என்று எதிராளியின் முகத்துக்கு நேரே அறிவிக்க வேண்டும். ஒரு நிறம் ஒரு பயணம், அதில் எண்கள் ஏறுமுகமாகத்தான் இறங்க வேண்டும். எந்தப் பயணத்துக்கும் கிளம்பும் செலவு 20. ஒரு கை குலுக்கிவிட்டால் நஷ்டம் 40 வரை போகலாம். மூன்றையும் குலுக்கிவிட்டு எண் சீட்டே வராமல் கரையில் நிற்கிறவருக்கு மைனஸ் 80. அதே மூன்றோடு 2 முதல் 10 வரை முழுசாக இறக்கினால் 54இல் 20 போக 34, நாலால் பெருக்கினால் 136, எட்டும் அதற்கு மேலும் இறக்கியதற்கு இன்னொரு 20, ஆக 156. இந்த 156ஐ நான் யார் கையிலும் பார்த்ததில்லை. மைனஸ் 80ஐ எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் பார்த்திருக்கிறேன். யாருடையது என்பது வேண்டாம்.

அந்தச் சீட்டை இறக்கும் விதத்திலேயே ஆளைத் தெரிந்துகொள்ளலாம். சிலர் வருத்தத்தோடு வைப்பார்கள். சிலர் வைத்த பிறகும் விரலை எடுக்கமாட்டார்கள். என் மனைவி, கீரைக்காரம்மாவிடம் சில்லறை வாங்கிக்கொள்ளும் முகத்தோடு, முதல் இரண்டு முறையிலேயே மஞ்சளில் இரண்டு கை குலுக்கிவிடுவாள். அவள் கையில் மஞ்சள் நிறைய இருக்கிறது என்று அர்த்தமில்லை. அங்கேதான் விஷயம். அவள் குலுக்கிய நிமிஷத்திலிருந்து எனக்கு வரும் ஒவ்வொரு மஞ்சள் சீட்டையும் நான் கீழே விட முடியாது. விட்டால் எடுத்துக்கொள்வாள். விடாமல் பிடித்தால் என் கையில் இடமில்லை. எட்டுச் சீட்டில் மூன்று மஞ்சள் உட்கார்ந்துகொண்டால் மிச்சம் ஐந்தை வைத்துத்தான் நான் குடித்தனம் நடத்த வேண்டும். 60 வரை போகக்கூடிய நஷ்டத்தைத் தலையில் ஏற்றிக்கொண்டு எதிராளியின் கையை அடைப்பது. இந்த உபாயம் விதிப் புத்தகத்தில் எழுதியிருக்காது. ஆடி ஆடித்தான் கண்ணில் படும்.

கை அடைபடும் அந்த அவஸ்தையைத்தான் இந்த ஆட்டத்தின் உச்சம் என்பேன். ஒரு சீட்டை இறக்கு, அல்லது விடு, பிறகு ஒன்றை எடு. சும்மா இருக்க வழியில்லை. எட்டையும் புரட்டிப் பார்த்தால் நாலு அவளுக்கு வேண்டியது, மூன்று எனக்கு வேண்டியது ஆனால் இன்னும் நேரம் வராதது, மீதி ஒன்று இரண்டு பேருக்கும் வேண்டியது. எதைத் தொட்டாலும் சுடுகிறது. இந்த நேரத்தில் கைகொடுப்பது எதிராளியின் அவசரம் ஒன்றுதான். அவள் சிவப்பில் 3க்குப் பிறகு பொறுக்கமாட்டாமல் 7ஐ வைத்துவிட்டால், என்னிடம் முடங்கிக் கிடந்த சிவப்பு 4உம் 5உம் அவளுக்குச் செத்துவிடும். எனக்கும் சிவப்பில் உத்தேசமில்லை என்றால், இரண்டு முறை நிம்மதியாக விட்டுவிட்டு மூச்சு வாங்கிக்கொள்ளலாம். தாவி ஏறுகிறவர் தன் பயணத்தைக் குறுக்கிக்கொள்வது மட்டுமில்லை, எதிரில் இருப்பவருக்கு இளைப்பாற இடமும் போட்டுக் கொடுக்கிறார். நன்றாக ஆடுகிறவர்கள் 3க்குப் பிறகு 4க்காகக் காத்திருப்பதற்கு இது பாதிக் காரணம்.

காத்திருப்பதற்கும் காலம் போதாது. இருவருக்கும் எட்டெட்டுப் போக மிஞ்சுவது 44. கட்டிலிருந்தே எடுத்துக்கொண்டு போனால் ஆளுக்கு 22 முறைதான். கடைசிச் சீட்டு எடுக்கப்பட்ட அந்தக் கணமே ஆட்டம் முடிந்துவிடும். கையில் பச்சை 8, 9, 10 தயாராக இருந்து மேஜைக்கு வராமல் போனால் அவை வெறும் காகிதம். அதனால் கடைசியில் ஒருவர் வேண்டாத சீட்டையெல்லாம் கழித்த குவியலிலிருந்து எடுத்து நேரத்தை இழுப்பார். இன்னொருவர் விறுவிறுவென்று கட்டை உருவித் தீர்ப்பார். மேஜையில் பேச்சே இருக்காது.

இந்த மாதிரிச் சீட்டைப் பிடித்துவைக்கும் கலையை நான் முதலில் பார்த்தது அரக்கோணம் லோக்கலில். சித்தப்பா சீசன் டிக்கெட்காரர். ஜன்னலோரம் எதிரெதிரே நாலு பேர், முழங்கால்களின் மேல் ஒரு பிரீஃப்கேஸ், அதன் மேல் அன்றைய செய்தித்தாள், அதற்கு மேல் ரம்மி. பள்ளி விடுமுறையில் கூடப் போனால் அவர் தோளுக்குப் பின்னால் நின்று பார்க்கலாம், வாயைத் திறக்கக் கூடாது. தனக்குச் சேரவேண்டிய செட்டைக் கலைத்துக்கொண்டாலும் கலைத்துக்கொள்வார், அடுத்த ஆள் எடுக்கக்கூடிய சீட்டை விடமாட்டார். அதனால் அவர் நிறைய ஜெயித்தார் என்று சொல்ல முடியாது. அவருக்கு அடுத்து உட்காரத்தான் ஒருவரும் விரும்பமாட்டார்கள். ரம்மியில் எப்போதுமே ஒன்றிரண்டு உதவாத சீட்டு வந்துகொண்டிருக்கும், அதை விட்டுக் காலம் தள்ளலாம். லாஸ்ட் சிட்டீஸின் தொடக்கத்தில் உதவாத சீட்டு என்று ஒன்று கிடையாது. சித்தப்பா இதை ஆடியிருந்தால் எதிராளி பாடு திண்டாட்டம்தான்.

இப்போது அந்த ரயில்களில் பிரீஃப்கேஸும் இல்லை, ரம்மியும் இல்லை. ஆளுக்கொரு கைபேசி. நடுவில் கொஞ்ச காலம் அதே ரம்மி கைபேசிக்குள் புகுந்து குடும்பங்களைத் தெருவில் நிறுத்தியது. 2025இல் மத்திய அரசு சட்டம் கொண்டுவந்து பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடை செய்தது. நல்லது. ஆனால் அந்தக் கூத்தின் பலன், வீட்டில் ஒரு சீட்டுக்கட்டை எடுத்து வைத்தாலே வந்த விருந்தாளி முகம் மாறுகிறது.

க்னிட்சியா கணிதத்தில் முனைவர், வங்கித் துறையில் வேலை பார்த்தவர், 1997இல் அதை விட்டுவிட்டு முழுநேரமாக ஆட்டம் செய்ய வந்தவர். இந்த விவரங்களை அவரைக் குறை சொல்கிறவர்கள்தான் அடிக்கடி சொல்கிறார்கள். வெறும் கணக்கு, மேலே ஒரு கதையை ஒட்டியிருக்கிறார், இமயமலையை எடுத்துவிட்டு மளிகைக்கடையை வைத்தாலும் ஆட்டம் மாறாது என்பது அவர்கள் கட்சி. கேட்டான் ஆடுகிற நண்பர்கள் இதை உறுதியாக நம்புகிறார்கள். கிளவுஸ் டாய்பர் 1995இல் கேட்டானைக் கொண்டுவராமல் இருந்திருந்தால் எங்களில் பாதிப் பேர் இந்தப் பக்கமே வந்திருக்கமாட்டோம், அந்த மரியாதை எனக்கும் உண்டு. ஆனால் ‘ஆடு தர்றேன், செங்கல் குடு’ என்ற பேரத்தில் தீவு எங்கே தெரிகிறது என்று எனக்குப் புரிந்ததே இல்லை. லாஸ்ட் சிட்டீஸில் ஒரு பயணத்துக்குக் காலடி எடுத்து வைக்கும் முன்பே கடன்காரனாகிவிடுகிறோம். தூரம் போனால் கடன் அடைகிறது. பாதியில் நின்றால் நின்றதுதான், திரும்பி வர வழியில்லை. ஊரிலிருந்து கிளம்பி வேற்றூரில் பிழைக்கப்போன யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், இந்தக் கதை ஒட்டவைத்ததா என்று.

அவருடைய மற்ற ஆட்டங்களிலும் இந்தக் கண்டிப்பு இருக்கிறது. 1992இல் வந்த மாடர்ன் ஆர்ட்டில் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய ஓவியமானாலும் அந்தச் சுற்றில் ஓவியர் முதல் மூவரில் வராவிட்டால் சல்லிக்காசு பெறாது. டைகிரிஸ் அண்ட் யூஃப்ரடீஸில் நீங்கள் எந்த நிறத்தில் மிகவும் பின்தங்கியிருக்கிறீர்களோ அதுதான் உங்கள் மதிப்பெண். ஹை சொசைட்டியில் கடைசியில் குறைவான பணம் வைத்திருப்பவர், எத்தனை மாளிகை வாங்கியிருந்தாலும் வெளியே. ஆட வந்தவரைத் தட்டிக்கொடுக்கிற பழக்கமே இந்த மனிதருக்குக் கிடையாது. எனக்குப் பிடித்ததும் அதுதான்.

2008இல் ஜெர்மனியின் ஷ்பீல் டெஸ் யாரெஸ் பரிசை அவருக்குக் கொடுத்தார்கள். எதற்கு? லாஸ்ட் சிட்டீஸையே எடுத்து, பலகை சேர்த்து, நாலு பேர் ஆடும்படி தளர்த்தி, சீட்டை ஏறுமுகமாகவும் வைக்கலாம் இறங்குமுகமாகவும் வைக்கலாம் என்று சலுகை கொடுத்துச் செய்த கெல்டிஸுக்கு. அதில் முதலடியின் தண்டனை மைனஸ் 4. இருபது எங்கே, நாலு எங்கே. அப்பனுக்குக் கிடைக்கவேண்டிய மாலை பிள்ளை கழுத்தில் விழுந்தது என்பதுதான் என் அபிப்பிராயம், நடுவர்கள் கோபித்துக்கொள்ளட்டும்.

அதன் பிறகு வந்ததைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தால் நிறுத்தமாட்டேன். பெட்டிகள் பருத்துவிட்டன. 2017இல் வந்த குளூம்ஹேவன் கிட்டத்தட்ட பத்துக் கிலோ. அது மோசமான ஆட்டம் என்று சொல்லவில்லை, தூக்கி வைக்க ஆள் வேண்டும் என்கிறேன். கூட்டநிதி திரட்டலில் இரண்டு வருஷம் முன்னதாகவே பணம் கட்டுகிறார்கள். சுங்கமும் கூரியரும் கொடுத்து வாங்கிய பெட்டியைத் திறந்து, பிளாஸ்டிக் பொம்மைகளைப் படமெடுத்து, சீட்டுகளுக்கெல்லாம் உறை மாட்டி, அலமாரியில் ஏற்றிவிடுகிறார்கள். ஆடுகிறார்களா? எனக்குத் தெரிந்த ஒருவர் விதிகளைச் சொல்லி முடிப்பதற்குள் இரண்டாவது காபி வந்துவிட்டது. லாஸ்ட் சிட்டீஸின் புதிய பதிப்பிலும் விரும்பினால் ஆடலாம் என்று ஆறாவது நிறத்தைச் சேர்த்திருக்கிறார்கள். 12 சீட்டு கூடினால் கட்டு தளர்ந்துவிடும், அவசரம் போய்விடும். ஐந்தே சரி. என் பிரதியில் அந்த ஆறாவது நிறம் பெட்டிக்குள்ளேயே தூங்குகிறது. பழைய பதிப்பின் பெரிய சீட்டுகள் கைக்குள் அடங்காது, கலைப்பது கஷ்டம் என்று புகார் சொல்கிறவர்கள் உண்டு. சொல்லட்டும். அந்த அளவில்தான் ஓவியத்தில் எண் ஏற ஏற இடம் நெருங்கி வருவது கண்ணுக்குத் தெரியும்.

கடைசியாக அதிர்ஷ்டம். சீட்டு வந்தால் ஜெயிக்கிறோம், வராவிட்டால் தோற்கிறோம், இதில் என்ன திறமை என்கிறவர்கள் பெரும்பாலும் எல்லா நிறத்திலும் ஒரு கால் வைத்துப் பார்க்கிறவர்கள். ஐந்து பயணம் கிளம்பினால் கிளம்பும்போதே மைனஸ் 100. 22 முறைக்குள் அதை மீட்கச் சீட்டுக்கட்டு என்ன செய்யும்? இரண்டு பயணம், மிஞ்சினால் மூன்று. மற்ற நிறங்களை எதிராளியிடமிருந்து மறைத்து வைப்பதும், சமயம் பார்த்துக் கழிப்பதும்தான் வேலை.

பெட்டி வாங்க வசதிப்படாதவர்களுக்கு ஒரு வார்த்தை. வீட்டில் கிடக்கும் சாதாரணச் சீட்டுக்கட்டிலிருந்து ஏஸ் நாலையும் எடுத்துவிடுங்கள். 2 முதல் 10 வரை எண் சீட்டு. ஜாக், குயின், கிங் மூன்றும் கைகுலுக்கல். ஐந்துக்குப் பதில் நாலு பயணம், 48 சீட்டு, ஆளுக்கு எட்டுப் போகக் கட்டில் 32. நிறம் ஒன்று குறைவதால் ஒளிந்துகொள்ள இடமும் குறைவு. ஆட்டம் இன்னும் கடுமையாகத்தான் இருக்கும். கூட்டல் கழித்தலைக் கைபேசியிடம் கொடுக்காதீர்கள், காகிதத்தில் நீங்களே போடுங்கள். மூன்று சுற்று முடித்துவிட்டு எழுந்திருங்கள். ஒரே சுற்றோடு எழுந்து, எல்லாம் அதிர்ஷ்டம் என்று சொல்கிறவரோடு வாதாட எனக்குப் பொறுமை இல்லை.