இரவல் குரலின் நேர்மை

'மஞ்சும்மல் பாய்ஸ்' படத்தின் உச்சத்தில் 'குணா' பாட்டு ஒலித்ததும் தமிழ்நாட்டுத் திரையரங்குகள் அதிர்ந்த 2024க்குப் பிறகு, நம் சினிமாப் பேச்சில் ஒரு புது ஞானம் உலவுகிறது. மக்கள் மனதில் ஊறிய பாட்டு ஒன்று கையில் இருந்தால் பாதிப் படம் தேறிவிடுமாம். அதே ஆண்டு 'லப்பர் பந்து' ஒரு விஜயகாந்த் பாட்டை வைத்து ஆடுகளத்தையே கொண்டாட்டமாக்க, ஞானம் சித்தாந்தமாகிவிட்டது. இனி ஒரு இசையமைப்பாளரின் பழைய பாடல்களைக் கோத்தே முழுப்படம் எடுக்கலாமே, 'மம்மா மியா' (2008) அப்படித்தானே 60 கோடி டாலருக்கு மேல் அள்ளியது என்கிறார்கள். அள்ளியது உண்மை. அந்த வழியில் தலைகுப்புற விழுந்தவற்றின் பட்டியலை மட்டும் யாரும் படிப்பதில்லை. அந்த வழியின் ஆபத்தை உணர்ந்து, அந்த ஆபத்திலேயே தன் கலையைக் கண்டெடுத்த ஆங்கிலத் தொலைக்காட்சி நாடகாசிரியர் டென்னிஸ் பாட்டரின் பெயரும் இங்கே அடிபடுவதில்லை.

ஆரம்ப காலத்தை வேகமாகக் கடந்துவிடலாம். இந்த வகையின் மகுடம் என்று எல்லோரும் காட்டுவது 'சிங்கிங் இன் தி ரெயின்' (1952). தயாரிப்பாளர் ஆர்தர் ஃப்ரீட், தானும் நாசியோ ஹெர்ப் பிரவுனும் முன்பு எழுதிய பாடல்களை பெட்டி காம்டன், அடால்ஃப் கிரீன் இருவரிடமும் கொடுத்து ஒரு கதை பண்ணச் சொன்னார். அவர்கள் கெட்டிக்காரர்கள். பாடல்களில் பலவும் பேசும்படம் பிறந்த காலத்தவை என்பதால் கதையையும் அந்தக் காலத்துக்கே கொண்டுபோனார்கள். பாடல்கள் தம் சொந்த வயதிலேயே வந்தன. புதுக்கதைக்காக இளமை வேடம் கட்டவில்லை. கதையே இரவல் குரலைப் பற்றியது. படத்துக்குள் கேத்தி என்ற புதுமுகம்தான் லீனா என்ற நட்சத்திரத்துக்குக் குரல் கொடுக்கிறாள். நிஜத்தில், அந்த இரவல் வசனத்தைப் பேசியது லீனாவாக நடித்த ஜீன் ஹேகனே. ஒரு பாட்டில் கேத்தியாக நடித்த டெபி ரெனால்ட்ஸுக்கே பெட்டி நாய்ஸ் பின்னணி பாடினார். இந்தக் குறும்பை ரசித்தவர்கள் பலர். அதில் ஒரு வழி இருப்பதைக் கண்டவர்கள் குறைவு.

பிறகு வந்தது சரிவு. 1975இல் பீட்டர் பொக்டனோவிச் கோல் போர்ட்டர் பாடல்களை வைத்து 'அட் லாங் லாஸ்ட் லவ்' எடுத்தார். பாடத் தெரியாத பர்ட் ரெனால்ட்ஸைப் படப்பிடிப்பிலேயே நேரடியாகப் பாடவைத்தார். அந்தத் துணிச்சலுக்குக் கிடைத்தது ஏளனம்தான். 1978இல் பீட்டில்ஸ் பாடல்களைப் பீ ஜீஸ் குழுவிடம் கொடுத்து எடுத்த 'சார்ஜண்ட் பெப்பர்' அதைவிட மோசம். பாட்டுக்கு ஆள் வேண்டுமே என்று ஒரு பெண்ணுக்கு ஸ்ட்ராபெரி ஃபீல்ட்ஸ் என்று பெயர் வைத்த படம் அது.

அதே 1978இல்தான் பி.பி.சி. தொலைக்காட்சியில் ஆறு பகுதிகளாக வந்தது பாட்டரின் 'பென்னிஸ் ஃப்ரம் ஹெவன்'. 1930களின் இங்கிலாந்து. ஆர்தர் பார்க்கர் ஊர் ஊராகப் போய்ப் பாட்டுப் புத்தகங்களும் இசைத் தாள்களும் விற்கும் ஆள். பொய் சொல்கிறான், மனைவிக்குத் துரோகம் செய்கிறான், ஆனால் தான் விற்கும் மலிவான பாடல்கள் சொல்வதெல்லாம் சத்தியம் என்று மனதார நம்புகிறான். முதல் பகுதியிலேயே, படுக்கையில் மனைவி அவனை விலக்கிவிட்ட ஒரு காலையில், திடீரென்று வெளிச்சம் மாறுகிறது. குட்டையான, தடித்த கழுத்துள்ள பாப் ஹாஸ்கின்ஸ் வாயைத் திறக்கிறார். வெளியே வருவது எல்சி கார்லைல் என்ற பெண்ணின் குரல், பழைய இசைத்தட்டிலிருந்து அப்படியே. ஹாஸ்கின்ஸ் சிரிப்பு மூட்ட முயலவில்லை. முழு நம்பிக்கையோடு வாயசைக்கிறார். சில நொடிகளில் நம் சிரிப்பு அடங்கிவிடுகிறது. அந்த மனிதனிடம் சொந்தமாகச் சொல்ல வார்த்தை கிடையாது. இருப்பதெல்லாம் தட்டில் கேட்டவை. செய்யாத கொலைக்குக் கடைசியில் அவனைத் தூக்கிலிடுகிறார்கள். பாடல்கள் வாக்களித்த உலகம் அவனுக்கு மட்டும் வரவேயில்லை.

பாட்டருக்கு ஒரு விஷயம் தெளிவாகத் தெரிந்திருந்தது. பிரியமான பாட்டு ஏற்கெனவே குடியிருப்புள்ள வீடு. கேட்டவர் ஒவ்வொருவரும் தம் காதலையும் கல்யாணத்தையும் இழவையும் அதில் வைத்திருக்கிறார்கள். புதிய பாத்திரம் அதைத் தன் சொந்தப் பேச்சாக உரிமை கோரினால் நாம் உள்ளுக்குள் முகம் சுளிப்போம். ஆகவே உரிமை கோராதே, இரவல் என்று ஒப்புக்கொள் என்றார் அவர். அசல் குரலுக்கும் அதை அசைக்கும் முகத்துக்கும் நடுவே தெரியும் இடைவெளிதான் அவருடைய நாடகம்.

எம்.ஜி.எம். இதையே 1981இல் ஸ்டீவ் மார்ட்டினை வைத்துப் படமாக்கியது. ஒரு காட்சியில் ஆர்தரும் அவன் காதலியும் திரையரங்கில் ஃபிரெட் அஸ்டேர் படம் பார்க்கிறார்கள். மெல்ல அந்தத் திரைக்குள்ளேயே புகுந்து அவரைப் போல ஆடுகிறார்கள். கோட்டு சூட்டு போட்ட ஆடவர்கள் வரிசையாக வந்து கைத்தடிகளை நிறுத்த, அவை சிறைக் கம்பிகளாகின்றன. போட்ட பணத்தில் பாதிகூடத் திரும்பவில்லை. அஸ்டேருக்கும் படம் பிடிக்கவில்லை. ஹாலிவுட் அதோடு கதவைச் சாத்திக்கொண்டது.

பிரான்சில் அலென் ரெனே திறந்தார். 1997இல் வந்த அவருடைய 'ஓன் கொனே லா ஷான்சோன்' பாட்டருக்கே சமர்ப்பணம். 1944இல் பாரிஸை அழிக்கும்படி ஹிட்லரிடமிருந்து உத்தரவு பெறும் ஜெர்மானியத் தளபதி தொலைபேசியை வைத்துவிட்டு வாயைத் திறக்க, ஜோசஃபின் பேக்கரின் குரல் அந்த நகரத்தின் மீதான காதலைப் பாடுகிறது. பிறகு படம் நெடுகிலும் பேச்சின் நடுவே ஒரு வரி, இரண்டு வரி, அவ்வளவுதான். சேசர் விருதும் வாங்கியது, கூட்டமும் வந்தது. கலைப்படம் ஓடாது என்பவர்கள் இதைக் கவனிக்கலாம்.

அதற்குப் பிந்தைய காலத்தைப் பற்றி எனக்குப் பொறுமை குறைவு. 'மூலான் ரூஜ்' (2001) மூச்சுமுட்டும் பகட்டு. ஆனாலும் 1899ஆம் ஆண்டுப் பாரிஸில் இருபதாம் நூற்றாண்டுப் பாடல்களை அள்ளி வீசும்போது அது எதையும் மறைப்பதில்லை, ஆகவே மன்னிக்கலாம். பீட்டில்ஸ் பாடல்களைக் கோத்த 'அக்ராஸ் தி யூனிவர்ஸ்' (2007) மன்னிக்க முடியாதது. ஜூட், லூசி, புரூடன்ஸ் என்று பாத்திரங்களுக்குப் பெயர் வைத்த கணமே எந்தப் பாட்டு எப்போது வரும் என்று நாம் காத்திருக்கத் தொடங்கிவிடுகிறோம். புரூடன்ஸ் குளியலறை ஜன்னல் வழியே வீட்டுக்குள் வருகிறாள், ஏனென்றால் அப்படி ஒரு பாட்டு இருக்கிறது. பிறகு ஓர் அறைக்குள் தன்னைப் பூட்டிக்கொள்கிறாள், ஏனென்றால் அவளை வெளியே அழைக்கவும் ஒரு பாட்டு இருக்கிறது. கதை பாட்டுக்குச் சுமைதூக்கி ஆகிவிட்டது. 'மம்மா மியா'வில் இந்தச் சுமை சிரித்துக்கொண்டே தூக்கப்படுகிறது. பிரிந்த பின் கணவர் எழுதித் தந்த தோல்விப் பாட்டை, அந்தப் படத்துப் பாடல்களின் மூலக் குழுவான 'ஆபா'வின் ஆக்னெத்தா பாடியபோது அதில் ஒரு கொடூரம் இருந்தது. மெரில் ஸ்ட்ரீப் அதைக் கிரேக்கத் தீவின் பாறைமேல் சால்வை பறக்கப் பாடும்போது மிஞ்சுவது சுற்றுலா விளம்பரம்தான்.

பாட்டரின் உத்தி ஆங்கிலேயருக்கு அதிர்ச்சி. நமக்கோ 1940களிலிருந்து பழக்கம். டி.எம்.எஸ். தொண்டையில் எம்.ஜி.ஆரும் சிவாஜியும் பாடினார்கள், நாமும் ஏற்றுக்கொண்டோம். குரல் இரவல்தான் என்று ஊருக்கே தெரிந்த சினிமா நம்முடையது; அந்தத் தெரிதலை வைத்து ஒரு முழு நாடகம் கட்டத்தான் முனையவில்லை. அதன் விளிம்புவரை வந்தது '96' (2018). 'தளபதி' பாட்டைப் பாடும்படி ராம் எத்தனை முறை கேட்டும் மறுக்கும் ஜானு, கடைசியில் கரண்ட் போன இருட்டில், வாத்தியம் எதுவும் இல்லாமல் பாடுகிறாள். அந்தப் பாட்டு அவள் வாழ்க்கையைச் சொல்லவில்லை. அவன் இத்தனை வருடம் கேட்கக் காத்திருந்தது, அவள் கொடுக்காமல் வைத்திருந்தது, அவ்வளவுதான் அதன் பொருள். இரண்டு பாடல்களில் கைதட்டல் வாங்கிய படங்களைவிட இந்த ஒரு காட்சியிடம் கற்க வேண்டியது அதிகம்.

இளையராஜா பாடல்களாலேயே ஒரு படம் என்று கனவு காண்பவர்கள் உரிமைப் பேச்சு தொடங்குவதற்கு முன் பாட்டரின் ஆறு பகுதிகளையும் உட்கார்ந்து பார்த்துவிடுங்கள். 'மம்மா மியா'வை அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், பார்க்காவிட்டாலும் நஷ்டமில்லை.