படகை விட்டு இறங்கும் வயது

பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பங்களில் முதியவர்களிடம் வயதைக் கேட்டால் எண் வருவது அரிது. ஏதாவது ஒரு நிகழ்ச்சிதான் வரும். ராக்கெட் தளத்துக்காக ஸ்ரீஹரிகோட்டாத் தீவிலிருந்து சனங்களைக் கிளப்பியபோது கைக்குழந்தை இருந்தது என்பார் ஒரு ஆயா. 84 புயலில் கட்டுமரம் போனபோது தலையில் ஒரு நரைகூட இல்லை என்பார் ஒரு தாத்தா. மக்கள்தொகை ஆய்வாளர்களுக்கு இது பழக்கமான கணக்குதான். பிறப்புச் சான்றிதழ் இல்லாதவர்களின் வயதை அறிய ஊரறிந்த நிகழ்ச்சிகளை வரிசைப்படுத்தி வைத்துக்கொண்டு விசாரிப்பது கணக்கெடுப்பாளர்களின் பழைய வழிமுறை. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து முதல் ராக்கெட் ஏவப்பட்டது 1971 அக்டோபரில். அந்தத் தீவை ஒட்டிப் புயல் கரையைக் கடந்தது 1984 நவம்பரில். இவற்றை வைத்துக் கூட்டிக் கழித்தால் அந்த ஆயாவின் வயதையும் தாத்தாவின் வயதையும் ஏறத்தாழச் சொல்லிவிடலாம். ஆதாரிலும் 'தோராயமான' பிறந்த தேதி என்று ஒரு வழி வைத்திருக்கிறார்கள்.

நீண்ட ஆயுளைப் பற்றிய உலகளாவிய ஆய்வுகள் தடுக்கி விழுந்ததும் இந்த வயதுக் கணக்கில்தான். மிஷேல் பூலெனும் ஜான்னி பெஸ்ஸும் 2004இல் இத்தாலியின் சார்டினியா தீவில் நூறு வயதைத் தாண்டியவர்கள் நெருக்கமாக வாழும் பகுதியை அடையாளம் காட்டினார்கள். வரைபடத்தில் அவர்கள் நீல மையால் வட்டமிட்டதிலிருந்து 'நீல மண்டலம்' என்ற பெயர் பிறந்தது. ஜப்பானின் ஒகினாவாவும் அந்தப் பட்டியலில் சேர்ந்தது. அங்கே என்ன தின்கிறார்கள், எப்படி உறங்குகிறார்கள் என்று புத்தகங்கள் குவிந்தன. ஆனால் 2010இல் ஜப்பான் தன் பதிவேடுகளைச் சரிபார்த்தபோது, நூறு வயதைத் தாண்டியவர்களாகப் பதிவாகியிருந்தவர்களில் இரண்டு லட்சத்து முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் எங்கே என்று தெரியவில்லை. பலர் எப்போதோ இறந்துபோனவர்கள். பிறப்புப் பதிவு ஒழுங்காக இல்லாத, வறுமை மிகுந்த இடங்களில்தான் மிக முதியவர்கள் அதிகம் 'இருக்கிறார்கள்' என்று சால் நியூமன் என்ற ஆய்வாளர் வாதிட்டார். 2024இல் அவருக்கு, சிரிக்கவும் சிந்திக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்கான இக் நோபெல் பரிசு கிடைத்தது. சரிபார்க்கப்பட்ட ஆவணங்களோடு மிக நீண்ட காலம் வாழ்ந்தவராக இன்றும் சொல்லப்படுபவர் 1997இல் 122 வயதில் இறந்த ஃபிரான்ஸின் ழான் கால்மான்.

பழவேற்காட்டுக்கு இந்த நூறு வயதுப் போட்டியால் பெரிய பயன் இல்லை என்பது என் கருத்து. இங்கே கேட்க வேண்டிய கேள்வி அறுபதுக்கும் எண்பதுக்கும் இடைப்பட்ட ஆண்டுகளைப் பற்றியது. தமிழ்நாட்டு மக்கள்தொகையில் அறுபது வயதைக் கடந்தவர்கள் 2011 கணக்கெடுப்பில் 10.4 விழுக்காடு. 2031இல் அது 18 விழுக்காட்டைத் தாண்டும் என்பது அரசின் கணிப்பு. அந்த ஆண்டுகளில் ஒரு மீனவர் எங்கே இருப்பார், என்ன செய்வார், எதைத் தின்பார்?

நீண்ட ஆயுளைப் பற்றித் தமிழ் மரபு இரண்டு குரலில் பேசுகிறது. ஒன்று, சாவை வெல்ல நினைக்கும் குரல். திருக்கடையூரில் சிவன் எமனை விரட்டிக் காத்த மார்க்கண்டேயன் கதை, சித்தர்களின் காயகற்பம், வள்ளலாரின் மரணமிலாப் பெருவாழ்வு எல்லாம் அதில் சேரும். அறுபதுக்கும் எண்பதுக்கும் சாந்தி செய்துகொள்ள இன்றும் திருக்கடையூரில் கூட்டம் அலைமோதுகிறது. மற்றது வீட்டுத் திண்ணையில் கேட்கிற குரல்: "கை கால் நல்லா இருக்கும்போதே போய்ச் சேந்துடணும். யாருக்கும் பாரமா இருக்கக் கூடாது." குப்பங்களில் இந்தப் பேச்சைக் கேட்காமல் ஒரு நாள் போகாது. பேரன் பேத்தி எடுத்து முதிர்ந்தவர் இறந்தால் அது கல்யாணச் சாவு. தாரை தப்பட்டை, பூப்பல்லக்கு, நெய்ப்பந்தம் பிடிக்கும் பேரப்பிள்ளைகள் என்று ஊரே திரண்டு வழியனுப்பும். அந்தச் சாவில் துக்கத்தைவிட நிறைவு அதிகம். நீண்ட ஆயுளை ஊர் வெறுக்கிறது என்று யாரும் சொல்லிவிட முடியாது. கடைசி நாட்கள் படுக்கையில் கழிவதைத்தான் அஞ்சுகிறார்கள்.

அமெரிக்க மருத்துவர் ஜேம்ஸ் ஃப்ரைஸ் 1980இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை சொன்னதும் ஏறத்தாழ இதுவே. ஆயுளை நீட்டிக்கொண்டே போவதைவிட நோயில் கிடக்கும் காலத்தைச் சுருக்குவதுதான் எட்டக்கூடிய இலக்கு என்றார் அவர். 2014இல் எசக்கியேல் இமானுவேல் என்ற இன்னொரு மருத்துவர் எழுபத்தைந்து வயதே தனக்குப் போதும், அதற்குமேல் உயிரை நீட்டிக்கும் சிகிச்சை எதையும் ஏற்கமாட்டேன் என்று எழுதியபோது உலகமே விவாதித்தது. இமானுவேலின் பேச்சும் குப்பத்துத் திண்ணைப் பேச்சும் ஒன்றுபோல ஒலித்தாலும், பேசுகிறவர்களின் நிலை வேறு. இமானுவேலுக்கு மறுப்பதற்கு ஒரு சிகிச்சை இருக்கிறது. குப்பத்து முதியவர் பாரமாக இருக்கக் கூடாது என்று சொல்லும்போது மகனின் வலைக்கடன், மருமகளின் ஏலக்கூடை, பேத்தியின் பள்ளிக் கட்டணம் எல்லாம் அவர் கண்முன்னே இருக்கின்றன. அதை மனமுதிர்ச்சி என்று மட்டும் படிக்கிற ஆய்வாளர் பாதியைத் தவறவிடுகிறார். அந்தப் பாரம் முற்றிப்போனால் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்குத் தென்மாவட்டங்களின் தலைக்கூத்தல் பற்றிய செய்திகள் சாட்சி. படுக்கையில் விழுந்தவரை எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, இளநீர் கொடுத்துச் சாகவிடும் அந்த வழக்கத்தை வைத்து எடுக்கப்பட்ட 'பாரம்' படம் தேசிய விருது பெற்றது.

முதுமை ஆய்வுகளில் இந்தியாவைப் பற்றிப் பேசிய முக்கியமான குரல்கள் சில உண்டு. லாரன்ஸ் கோஹன் 1998இல் வாரணாசியை வைத்தும், சாரா லாம் 2000இல் வங்காளக் கிராமத்தை வைத்தும் எழுதினார்கள். தமிழ்நாட்டுக்கு நெருக்கமானவர் பென்னி வேரா-சான்சோ. சென்னைக் குடிசைப் பகுதிகளில் அவர் செய்த ஆய்வுகள் ஒரு பழைய நம்பிக்கையை உடைத்தன. முதியவர்களைப் பிள்ளைகள் தாங்குகிறார்கள் என்ற சித்திரத்துக்கு மாறாக, ஏழைக் குடும்பங்களில் முதியவர்கள், அதிலும் பெண்கள், வேலை செய்து பிள்ளைகளைத் தாங்குவதை அவர் காட்டினார். மீன்கூடையோடு பஸ் ஏறும் எந்த ஆயாவைக் கேட்டாலும் இதைச் சொல்லியிருப்பார். மீன்வளத் துறை சார்ந்த ஆய்வுகளிலோ முதியவர் கண்ணில் படுவதில்லை. அங்கே இருப்பவர் படகில் போகிறவர் மட்டுமே.

ஆனால் பழவேற்காட்டில் ஒருவர் படகை விட்டு ஒரே நாளில் இறங்கிவிடுவதில்லை. கடலும் ஏரியும் அடுத்தடுத்து இருக்கும் ஊர் இது. அலையைத் தாண்டிப் படகைத் தள்ளத் தோளில் வலு குறைந்ததும் கடலை விட்டு ஏரிக்கு வருகிறார்கள். ஏரி ஆழம் குறைந்தது, சராசரி ஒரு மீட்டர் அளவுதான். அலை இல்லை. ஐம்பதைத் தாண்டியவரும் அங்கே நின்று வலை போடலாம். அதுவும் முடியாதபோது கரையில் வேலை இருக்கிறது. காலை வெயில் ஏறுமுன் கோட்டைக்குப்பம் பக்கம் போனால் பார்க்கலாம்: வேப்பமர நிழலில் ஒரு தாத்தா, கால் கட்டைவிரலில் நைலான் வலையை மாட்டி இழுத்துப் பிடித்து, கிழிந்த கண்ணை வலையூசியால் கட்டிக்கொண்டிருப்பார். கண் சரியாகத் தெரியாது. விரல் ஒவ்வொரு முடிச்சையும் தடவி, தளர்ந்ததை அவிழ்த்து மறுபடி போடும். பக்கத்தில் ஆயா இறாலைத் தரம் பிரித்து, நண்டைத் தனியே ஒதுக்கி, விலைபோகாத பொடிமீனைக் கருவாட்டுக்கு விரிப்பார். முட்டளவுத் தண்ணீரில் உட்கார்ந்து, பறிக்கூடையை வாயில் கவ்வியபடி கையால் துழாவி இறால் பிடிக்கிறவர்களில் நரைத்த தலைகளும் உண்டு. அவர்களில் பலர் இருளர், தலித் குடும்பத்துப் பெண்கள்.

கடல், ஏரி, கரை, திண்ணை என்று படிப்படியாக இறங்குகிற இந்த வழிதான் இந்த ஊரின் முதுமை ஏற்பாடு. யாரும் சட்டம் போட்டு வகுத்ததில்லை. ஏரியின் ஆழமின்மை தந்த கொடை என்றுதான் சொல்ல வேண்டும். நீண்ட ஆயுளைப் பற்றி உலகம் எழுதிக் குவித்த எல்லாவற்றையும்விட இந்தப் படிகள் எனக்கு முக்கியமாகத் தோன்றுகின்றன. ஏனென்றால் 'பாரம்' என்ற அச்சத்தை இவைதான் பத்துப் பதினைந்து ஆண்டுகள் தள்ளிப்போடுகின்றன.

இந்தப் படிகளில் எல்லோருக்கும் சம இடம் இருக்கிறது என்று சொல்ல மாட்டேன். ஏரியில் வலை போட நல்ல இடங்களைப் பட்டினவர் என்ற மீனவச் சாதியினரின் ஊர்கள் முறைவைத்துப் பகிர்ந்துகொள்வது பாடு முறை. இதைப் பற்றி சாரா கூல்தார்ட் 2008இல் எழுதிய ஆய்வு பாடு தரும் பாதுகாப்பையும், அதற்கு வெளியே நிற்கிறவர்களின் நெருக்கடியையும் சேர்த்தே பேசுகிறது. ஊர்ப் பங்கு தலைக்கட்டுக் கணக்கில் வரும். மணமான ஆண் ஒரு தலைக்கட்டு. சோழமண்டலக் கரையில் பல ஊர்களில், தொழிலை விட்ட முதியவரிடம் ஊர் வரி கேட்பதில்லை. பரிவோடு செய்த விலக்குதான். ஆனால் 2004 சுனாமிக்குப் பிறகு நிவாரணப் பட்டியல் பல இடங்களில் தலைக்கட்டை வைத்தே எழுதப்பட்டபோது அந்தப் பரிவு தலைகீழானது. வரிப் பட்டியலில் இல்லாத விதவைகளும் தனித்து வாழ்ந்த முதியவர்களும் விடுபட்டார்கள். முதியோருக்கான ஹெல்ப்ஏஜ் அமைப்பு 2005இல் வெளியிட்ட அறிக்கை, சுனாமி நிவாரணத்தில் முதியவர்கள் கண்ணுக்குத் தெரியாமல் போனதைச் சுட்டிக்காட்டியது.

அரசின் கணக்கு வேறு மாதிரி. தமிழ்நாட்டில் முதியோர் உதவித்தொகை 1962இல் மாதம் 20 ரூபாயாகத் தொடங்கியது. அன்றைக்கு நாட்டிலேயே முன்னோடியான திட்டங்களில் ஒன்று அது. 2011இல் 1,000 ஆகி, 2023 ஆகஸ்டில் 1,200 ஆனது. ஏரியின் பெரும்பகுதி ஆந்திரத்தில் இருக்கிறது. அங்கே 2024 ஜூலையில் இத்தொகை 4,000 ஆயிற்று. அதைவிட முக்கியமான வேறுபாடு வயதில் இருக்கிறது: ஆந்திரத்தில் மீனவருக்கு ஐம்பது வயதிலேயே ஓய்வூதியம் உண்டு. ஒரே ஏரியில், ஒரே இறாலைப் பிடித்து, ஒரே மாதிரி முதுகு வளைந்த இருவரில் வடக்கே இருப்பவர் பத்து ஆண்டு முன்பே முதியவராக ஏற்கப்படுகிறார். கடல்தொழில் உடம்பை எவ்வளவு சீக்கிரம் தேய்க்கிறது என்பதை அந்த விதி புரிந்துகொண்டிருக்கிறது. தெற்கே இன்னொரு இடியும் இருக்கிறது. மீன்பிடி குறைந்த மாதங்களுக்கான சேமிப்பு நிவாரணத் திட்டம் பதினெட்டு முதல் அறுபது வயது வரையிலானவர்களுக்கு மட்டும். அறுபத்து மூன்று வயதில் ஏரியில் வலை போடுகிறவர் அந்தத் திட்டத்தின் பார்வையில் மீனவரே இல்லை.

மருத்துவத்தில் தமிழ்நாடு முன்னே நிற்கிறது. முதியோர் மருத்துவத்தில் மேற்படிப்பை நாட்டிலேயே முதலில் தொடங்கியது சென்னை மருத்துவக் கல்லூரி, 1996இல். கிண்டியில் 200 படுக்கைகளோடு தேசிய முதியோர் நல மருத்துவமனை 2024 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. ஆனால் மூட்டுவலியோடு குப்பத்திலிருந்து பொன்னேரி போய், அங்கிருந்து ரயிலேறிச் சென்னை வரும் ஒரு ஆயாவுக்கு ஒரு நாள் வேலை போகும், கூட ஒருவருக்கும் கூலி போகும். முட்டி, முதுகு, கண்புரை மூன்றும்தான் இந்த ஊர்களில் ஒருவரை ஒரு படியிலிருந்து அடுத்த படிக்குத் தள்ளுகின்றன. மூன்றையும் உள்ளூரிலேயே பெருமளவு கவனிக்க முடியும்.

மருந்தால் ஆகாதது ஏரியின் நிலை. முகத்துவாரம் மணல்மேடிட்டு அடைபட்டால் கடல்நீர் உள்ளே வருவது குறைகிறது. உப்பும் நன்னீரும் கலக்கும் பதம் கெடுகிறது. இறால் குஞ்சு ஏரிக்குள் ஏறுவதில்லை. படகு வைத்திருக்கும் இளைஞர் அப்போது கடலுக்குப் போவார், இல்லையென்றால் எண்ணூர், காட்டுப்பள்ளிப் பக்கம் ஒப்பந்த வேலைக்குப் போவார். கடலை விட்டு ஏரிக்கு வந்தவருக்கு அந்த வழி கிடையாது. முகத்துவாரத்தை நிரந்தரமாகத் திறந்துவைக்க நேர்கல் சுவர் கேட்டு மீனவர்கள் பல்லாண்டு போராடியதை மீன்பிடிப் பிரச்சினையாக மட்டுமே எல்லோரும் எழுதினார்கள். ஏரியைத் தொடும் எந்தத் திட்டத்துக்கும், துறைமுக விரிவாக்கம் உட்பட, பாதிப்பு அறிக்கை எழுதுகிறவர்கள் படகுகளை எண்ணுகிறார்கள், வலைகளை எண்ணுகிறார்கள். முட்டளவுத் தண்ணீரில் உட்கார்ந்திருக்கும் அறுபது வயதுக்கு மேற்பட்டவர்களையும் எண்ண வேண்டும். படகும் இல்லாமல், வலையும் இல்லாமல், பறியோடு மட்டும் இறங்குகிறவர்கள் அவர்கள். ஏரி சுருங்கினால் முதலில் பிழைப்பு போவது அவர்களுக்குத்தான்.