மார்கழி ஓட்டம்

ஒரு மாதம் தினமும் ஓடுவது என்று முடிவெடுத்த சென்னைக்காரருக்கு மார்கழியை விட்டால் வேறு நல்ல மாதம் கிடையாது. சித்திரையில் ஆறரை மணிக்கே வெயில் முதுகில் ஏறிவிடும். ஐப்பசி மழையில் தெருவே குளம். மார்கழியிலோ அலாரம்கூடத் தேவையில்லை, கோயில் ஒலிபெருக்கியே எழுப்பிவிடும்.

இதில் எனக்குப் பிடித்தது தூரமோ வேகமோ அல்ல, அன்றாடம் என்கிற பிடிவாதம்தான். ஞாயிறன்று மட்டும் 10 கிலோமீட்டர் ஓடுபவருக்குத் தெரு பிடிபடாது. தினமும் போகிறவருக்கு எந்த வாசலில் கோலம் இன்னும் ஈரமாக இருக்கும், எந்த நாய் முதல் வாரம் குரைத்துவிட்டு இரண்டாம் வாரம் தலையைக்கூடத் தூக்காது என்பதெல்லாம் அத்துப்படி. மார்கழிக் கோலங்கள் பாதித் தெருவை அடைத்துக்கொள்ளும். பூசணிப்பூவை மிதிக்காமல் ஒதுங்கும் அந்த இரண்டு எட்டும் ஓட்டத்தில் சேர்த்திதான்.

பிடிவாதத்தின் உச்சம் ரான் ஹில். 1970இல் பாஸ்டன் மாரத்தானை வென்ற இந்த ஆங்கிலேயர், 1964 டிசம்பர் முதல் 2017 ஜனவரி வரை ஒரு நாள் விடாமல் குறைந்தது ஒரு மைலாவது ஓடினார். கார் விபத்தில் மார்பெலும்பு முறிந்தபோதும் விடவில்லை. வியக்கலாம், பின்பற்ற வேண்டாம்.

முழங்காலுக்குக் கீழே எலும்போரம் வலி எடுத்தால் அன்று நடந்துவிட்டு வாருங்கள். புதிதாகத் தொடங்குபவருக்கு 2 கிலோமீட்டரே தாராளம், அதுவும் மூச்சு வாங்காமல் பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகத்தில்.