கடைசி அத்தியாயத்து வள்ளல்

பள்ளிக்கூடத்தின் கூரை ஒழுகுகிறது. பழைய மாணவன் ஒருவன் காரில் வந்து இறங்குகிறான். வயது முதிர்ந்த ஆசிரியர் கண் கலங்குகிறார். கடைசி அத்தியாயத்தில் புதுக் கட்டடம் எழுந்து நிற்கிறது. இந்தக் கதையைப் படிக்காத தமிழ் வாசகர் இருக்க முடியாது. எழுதாத எழுத்தாளரும் அபூர்வம். நானும் ஒன்று எழுதியிருக்கிறேன். அதற்காக இப்போது கொஞ்சம் வெட்கப்படுகிறேன்.

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போகும் பஸ்ஸில் என் பக்கத்தில் ஓர் அரசுப் பள்ளி ஆசிரியர் உட்கார்ந்திருந்தார். என் கதையைப் பாராட்டிவிட்டு, "எங்கள் பள்ளியில் படித்தவர்களில் காரில் வருகிறவர் யாரும் இல்லையே, ஸார். நாங்கள் என்ன செய்வது?" என்று கேட்டார். ஆண்டாள் கோயில் கோபுரம் கண்ணில் படும் வரை எனக்குப் பதில் வரவில்லை.

அரசுப் பள்ளிகளுக்கு நிதி திரட்டும் அறக்கட்டளைகளைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் அந்தக் கேள்வி நினைவுக்கு வருகிறது. 2022 டிசம்பரில் தமிழக அரசு 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' என்ற திட்டத்தை ஓர் அறக்கட்டளையின் மூலம் தொடங்கியது. முன்னாள் மாணவர்களும் நிறுவனங்களும் தாங்கள் விரும்பும் பள்ளியைத் தேர்ந்தெடுத்து உதவ வழி செய்தது. நல்ல நோக்கம், குறை சொல்ல மனம் வரவில்லை. ஆனால் 'விரும்பும்' என்ற சொல்லில் ஒரு முள் இருக்கிறது.

2013ஆம் வருஷத்துக் கம்பெனிச் சட்டப்படி, பெரிய கம்பெனிகள் முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி லாபத்தில் 2 சதவிகிதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். தொழில் நடக்கும் வட்டாரத்துக்கு முன்னுரிமை தர வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. நூற்பாலைகள் உள்ள ராஜபாளையம் போன்ற ஊருக்கு இது அனுகூலம். மில்லும் இல்லாமல், பணக்காரப் பழைய மாணவனும் இல்லாமல் கிடக்கிற கரிசல்காட்டுப் பள்ளிக்கு? தானம் கொடுப்பவரின் பிரியத்தைப் பின்பற்றிப் போகிறது. வரிப்பணம் தேவையைப் பார்த்துப் போக வேண்டும். தானம் வருகிறதே என்று வரிப்பணம் ஒதுங்கிக்கொண்டால், அந்தப் பள்ளிக்கு இரண்டும் இல்லை.

இதே ஜில்லாவிலிருந்து போன காமராஜ் முதல் மந்திரியாக இருந்தபோது வேறொரு கதை நடந்தது. 1956இல் தொடங்கிய மதிய உணவு, முதலில் ஊரார் கொடுத்த தானியத்தில் நடந்தது. பிறகு அரசின் மானியம் சேர்ந்தது. 1958 முதல் கல்வித் துறையின் நெ. து. சுந்தரவடிவேலு பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளை நடத்தினார். கரும்பலகை, பெஞ்சு, சீருடை, நிலம் என்று ஜனங்கள் கொண்டுவந்து கொடுத்தார்கள். அப்போதும் வசதியுள்ள ஊர் கூடுதலாகக் கொடுத்திருக்கும், மறுக்கவில்லை. ஆனால் கொடுத்தவரின் குழந்தை அந்தப் பெஞ்சிலேயே உட்கார்ந்து படித்தது. கால் ஆடினால் மறுநாளே வீட்டுக்குச் செய்தி போய்விடும். இன்று கொடுப்பவர்களில் எத்தனை பேருடைய குழந்தைகள் அரசுப் பள்ளியில் படிக்கின்றன?

ராஜபாளையத்தில் பி. எஸ். குமாரசாமி ராஜா தம் வீட்டையே பொதுக் காரியத்துக்குக் கொடுத்தார். 1949 முதல் 1952 வரை சென்னை ராஜ்யத்தின் முதல்வராக இருந்தவர். அந்த வீட்டுக்குக் காந்தி கலை மன்றம் என்று பெயர். கொடுத்தவர் தம் பெயரை அங்கே முன்னிறுத்தவில்லை. மின்விசிறியின் இறக்கையில்கூட 'உபயம்' எழுதிப் பார்க்கும் நமக்கு இது பாடம்.

ஆகவே அறக்கட்டளைகளை நான் எடைபோடும் முறை இது. எத்தனை கோடி சேர்ந்தது என்பதை இரண்டாவதாகத்தான் பார்ப்பேன். யாரும் தேர்ந்தெடுக்காத பள்ளிக்கு எவ்வளவு போயிற்று என்பதே முதல் கேள்வி. அந்தப் பள்ளிகளுக்கென்று ஒவ்வொரு நன்கொடையிலும் ஒரு பங்கு எடுத்துவைத்தால் என்ன?

என் கதையை மறுபடி எழுத உட்கார்ந்திருக்கிறேன். இந்தத் தடவை கார் வராது. கூரையை எப்படிச் செப்பனிடுவது என்று அந்த ஊராரையும் சர்க்காரையும்தான் கேட்க வேண்டும்.